அடுத்த லீவு வரை கெடாது

தெற்குக் கோட்டகம்,
திருத்துறைப்பூண்டி வழி.
2.2.2025

அன்பு மருமகள் மலர்க்கொடிக்கு மாமன் அரசப்பன் எழுதுவது.

நான் நல்லபடியாக இருக்கிறேன். முட்டிவலியும் நல்லபடியாக இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் 'சரி சரி' என்றேனாம், பக்கத்து வீட்டு வீரையன் சொன்னான். ஒன்றும் காதில் விழவில்லை, அதனால்தான் சரி என்றேன். கதிரடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்று நின்று காது போய்விட்டது. இனிமேல் எதுவானாலும் காகிதத்தில் எழுது. போனை வீரையன் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கட்டும்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. சேரன் போன பிறகு நீ வராத முதல் பொங்கல் இதுதான். திட்டவில்லை, சொல்கிறேன். உனக்கென்று வாங்கிய கரும்பு சுவரோரம் சாய்த்தபடியே காய்ந்து, கடைசியில் மாடு தின்றது.

சம்பா அறுப்பு முடிந்தது. விதை நெல்லைக் காயவைத்து டிரம்மில் கொட்டும்போது அந்த மிலிட்டரி பொட்டலம் கையில் பட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும். சேரன் பட்டாளத்திலிருந்து கடைசியாக லீவில் வந்த பொங்கலுக்கு நாலு அல்வா பொட்டலம் கொண்டுவந்தான். ரெண்டைச் சுடுதண்ணீரில் போட்டுப் பிரித்து நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிட்டீர்கள். எனக்கு அப்போது காய்ச்சல், வாயெல்லாம் கசப்பு. "அப்பா, உங்களுக்கு ஒண்ணு, மலருக்கு ஒண்ணு இருக்கட்டும். அடுத்த லீவுல வந்து சேர்ந்து சாப்பிடுவோம், அதுவரைக்கும் கெடாது"ன்னு சொல்லிக் கையில் கொடுத்தான். அந்த ஆடியிலேயே மலையில் வண்டி உருண்டுவிட்டது. அடுத்த லீவு வரவே இல்லை.

இந்த ஆடி அமாவாசைக்கு அதை அவனுக்கு இலையில் வைக்கலாம் என்று இருக்கிறேன். நாலு வருஷமாகச் சோறு, வாழைக்காய், வடை, பாயசம் எல்லாம் வைத்தாயிற்று. அவனே கொண்டுவந்ததை வைத்ததில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். படைத்ததை வீணாக்கக் கூடாது, காக்காய்க்கு ஒரு பிடி போக மிச்சத்தை வீட்டு ஆட்கள் சாப்பிட்டே தீரவேண்டும். வீட்டு ஆட்கள் என்றால் இப்போது நீயும் நானும்தான். அதனால் கேட்கிறேன், சாப்பிடலாமா? பொட்டலச் சாப்பாடு எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதுதானே உன் உத்தியோகம். அதில் உள்ள எழுத்து எறும்பு அளவுக்கு இருக்கிறது. வீரையன் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "என்னமோ போட்டிருக்கு"ன்னான்.

பதில் போடு. எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் மாமன்,
அரசப்பன்


மைசூரு
12.2.2025

அன்புள்ள மாமாவுக்கு மலர்க்கொடியின் வணக்கம்.

இங்கே நானும் என் அறைக்கு வரும் பூனையும் சௌக்கியம். அங்கே நீங்கள், மாடு, வீரையன் அண்ணன் மூவரும் சௌக்கியம்தானா? முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

மாமா, முதலில் பொட்டலம். தயவுசெய்து சாப்பிட்டுவிடாதீர்கள். என்னுடையது இங்கே பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். செய்த மாதம் 2019 நவம்பர். பன்னிரண்டு மாதத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. சேரன் சொன்னது பொய் இல்லை, ஒரு வருஷம் கெட்டிருக்காது. இப்போது ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

உங்களுடையதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். வயிறு உப்பினமாதிரி இருக்கிறதா? ஓரத்தில் ஒட்டிய இடம் பிரிந்திருக்கிறதா? பிசுபிசுப்பு உண்டா? உப்பியிருந்தால் உள்ளே கிருமி வேலை செய்கிறது என்று அர்த்தம், கையாலேயே தொடாதீர்கள். எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும்தான் இதற்குச் சத்துரு.

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை மாமா. கரும்பை மாடு தின்றது என்று படித்ததும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இங்கே எனக்கும் கரும்பு கிடைத்தது. கம்பெனியில் பொட்டலத்துக்கு வாய் ஒட்டும் பிரிவில் பிரபு என்று ஒருவர், நாகப்பட்டினத்துக்காரர். அப்பா வெளிப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவர் எங்கேயோ தேடி ஒரு கட்டு வாங்கிவந்து நம் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் கொடுத்தார்.

உடனே பதில் எழுதுங்கள். பொட்டலம் பத்திரம், வயிறு அதைவிடப் பத்திரம்.

மருமகள்,
மலர்


தெற்குக் கோட்டகம்
25.2.2025

அன்பு மருமகள் மலர்க்கொடிக்கு மாமன் எழுதுவது.

நான் சுகம். தைலம் தேய்க்கிறேன், நம்பு. உளுந்து தெளித்தது முளைத்து நிற்கிறது, பனி நன்றாக இருக்கிறது.

எங்கே வைத்தீர்கள் என்று என்னையா கேட்கிறாய்? நாற்பது வருஷமாக விதை காப்பாற்றுகிறவன் நான். கண்ட இடத்தில் போட்டிருப்பேன் என்று நினைத்தாயா? விதை நெல் டிரம்மில், நடு மத்தியில், நொச்சி இலை வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். எலி கிடையாது, பூச்சி கிடையாது, ஈரம் கிட்ட வராது. அதோடு விட்டேனா? வருஷா வருஷம் விதை நெல்லை வெயில் காட்டும்போது இதையும் தார்ப்பாயில் போட்டு, நல்ல வெயிலில் மூன்று நாள், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிக் காயவைத்துத்தான் உள்ளே வைப்பேன். ஒரு தடவை விட்டதில்லை. அப்படிப் பார்த்துக்கொண்ட பொருளைக் கெட்டுப்போச்சு என்கிறாய்.

உப்பவில்லை. ஓரம் பிரியவில்லை. பச்சைக் கலர்தான் வெளுத்துவிட்டது. குலுக்கினால் சத்தம் இல்லை, கெட்டியாக இருக்கிறது. கெட்டியாக இருந்தால் நல்லதுதானே?

கரும்பு கிடைத்தது கேட்டு சந்தோஷம்.

உன் மாமன்,
அரசப்பன்


மைசூரு
5.3.2025

அன்புள்ள மாமாவுக்கு மலரின் வணக்கம். இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஐயோ மாமா! வெயிலிலா வைத்தீர்கள்? திருப்பித் திருப்பி வேறா?

உங்கள் கடிதத்தை மதியம் சாப்பிடும் இடத்தில் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் எழுந்துபோய் முகம் கழுவ வேண்டியதாகிவிட்டது. தார்ப்பாயில் நெல்லுக்கு நடுவில் அந்த ஒரு பொட்டலத்தைக் குனிந்து குனிந்து நீங்கள் திருப்பிப் போடுவது கண்ணுக்குள்ளேயே நின்றது.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நெல்லுக்கு வெயில் வைத்தியம், இதற்கு வெயில் வியாதி. இந்த அல்வாவைப் பொட்டலத்தில் போட்டு மூடிய பிறகு கொதி நீராவியில் வேகவைப்பார்கள். உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடும். வெளியிலிருந்து எதுவும் நுழையாதவரை அழுகாது, அது சரி. ஆனால் நெய் இருக்கிறதே, அது சூட்டில் காறிப்போகும். நாங்கள் இங்கே ஒரு பொருள் எத்தனை மாதம் தாங்கும் என்று சீக்கிரம் தெரிந்துகொள்ளச் சூடான அலமாரியில் வைத்துப் பார்ப்போம். பத்து டிகிரி கூட்டினால் இரண்டு மடங்கு வேகத்தில் கெடும். எங்கள் அலமாரியைவிடக் கோட்டகத்து வெயில் கூடுதல். அதிலே ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருந்தால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாசனையும் ருசியும் காட்டாத விஷம்கூட உண்டு மாமா.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பிரித்துவிட்டால் அது போச்சு. இதுதான் என் வேலையிலேயே பெரிய தொல்லை.

இன்னொன்று. உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாளாக யோசனை. பொட்டலம் பற்றி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலர்


தெற்குக் கோட்டகம்
20.4.2025

அன்பு மருமகள் மலர்க்கொடிக்கு மாமன் எழுதுவது.

சுகம். பதில் தாமதமாகிவிட்டது. உளுந்து பறித்தோம், வீரையன் பேத்திக்குக் காது குத்து, அப்புறம் பேனா எழுதவில்லை. சாக்குதான், உனக்குத் தெரியும்.

சொல்ல வேண்டியதை நேரில் வரும்போது சொல். நேரில் சொல்வதுதான் நல்லது.

பொட்டலம் விஷயம். நீ படித்தவள், சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவன் பதினோரு வருஷம் பட்டாளத்தில் இருந்தான். என்னடா சாப்பிடுகிறாய் என்று கேட்டால், "எல்லாம் நல்லா கெடைக்குதுப்பா"ன்னு முடித்துவிடுவான். அந்தப் பொங்கலுக்குத்தான் வாயைத் திறந்தான். பனியில் ரோடு அடைத்துவிட்டால் பொட்டலம்தானாம். அல்வா வருகிற நாள் அவர்களுக்குத் தீபாவளியாம். கையுறையைக் கழற்ற முடியாமல் பல்லால் பிரிப்பார்களாம். அவன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவன் என்ன தின்றான், எத்தனை வாய் தின்றான் என்று எனக்குத் தெரியும். அவன் அம்மா வேம்பு போன பிறகு நான்தானே ஊட்டினேன். மலை மேலே என் பிள்ளை என்ன தின்றான் என்று என் நாக்குக்குத் தெரிய வேண்டாமா?

வாய் கசந்தாலும் அன்றைக்கு ஒரு வாய் வாங்கியிருக்கலாம். அடுத்த லீவு இருக்கிறது என்று நினைத்தேன்.

எழுபது வயது உடம்பு, ஒரு வாய் அல்வாவுக்கு என்ன ஆகிவிடும். வெயில் அதிகம், மோர் குடி.

உன் மாமன்,
அரசப்பன்


மைசூரு
2.5.2025

அன்புள்ள மாமாவுக்கு மலரின் வணக்கம்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பல்லால் பிரிப்பார்கள் என்பதை என்னிடம் சேரன் சொன்னதில்லை.

நேரில் சொல் என்கிறீர்கள். நேரில் என்றால் உங்கள் காதில் விழும்படி கத்த வேண்டும். நான் கத்தினால் தெற்குத் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும். இது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கரும்பு கொண்டுவந்தார் என்று எழுதினேனே, பிரபு. அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். சேரனைப் பற்றி எல்லாம் தெரியும். உங்களைப் பற்றியும் தெரியும். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதியது பொய். லீவு இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது என்று தோன்றியது, வரவில்லை.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது மாமா. ஆனால் இன்னும் பதில் சொல்லவில்லை. அப்பா அம்மா இல்லாமல் சுவாமிமலையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள் நான். கல்யாணமான பிறகுதான் எனக்கென்று ஒரு வீடு கிடைத்தது. சேரன் போன அடுத்த வருஷம், "தாலி அறுத்தவளைப் படிக்க அனுப்புறாரு பாரு"ன்னு தெருவே பேசியபோது, பையைத் தூக்கிக்கொண்டு காலேஜ் வாசல்வரை வந்தீர்கள். நீங்கள் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், நான் அவரிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன். மனதாரத்தான் சொல்கிறேன்.

மறுகல்யாணம் செய்துகொண்டவள் முதல் புருஷனுக்கு இலை போடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. சேரனுக்கு இலை போடாதவளுக்கு அந்த வீட்டில் என்ன இடம்? நீங்கள் எனக்கு யார், நான் உங்களுக்கு யார்?

என்ன முடிவு ஆனாலும் அந்தப் பொட்டலத்தை மட்டும் பிரிக்காதீர்கள்.

மலர்


மைசூரு
29.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? உண்மையிலேயே கேட்கிறேன், சுகம்தானா?

கடிதம் வந்திருக்கும். பதில் இல்லை. வீரையன் அண்ணனுக்குப் போன் போட்டால், "நல்லாத்தான் இருக்காரு தங்கச்சி, பேச மாட்டேங்குறாரு"ன்னு சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபம் என்றால் திட்டி எழுதுங்கள். நாலு பக்கம் திட்டுங்கள், படித்துக்கொள்கிறேன். பேசாமல் இருக்காதீர்கள். கோபத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது.

வெறும் கார்டில் 'இருக்கிறேன்' என்று எழுதினால்கூடப் போதும்.

மலர்


தெற்குக் கோட்டகம்
16.6.2025

அன்பு மலர்க்கொடிக்கு அரசப்பன் எழுதுவது.

இருக்கிறேன். பொட்டலமும் இருக்கிறது, பிரிக்கவில்லை.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். நமக்குக் கடைமடை, தண்ணீர் வர இந்த மாதக் கடைசி ஆகும். வாய்க்கால் தூர் வாரின லட்சணத்தைப் பார்த்தால் அதற்கு மேலும் ஆகலாம்.

பொய் எழுத மாட்டேன். உன் கடிதத்தைப் படித்த அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ தப்பு செய்ததாக நினைக்கவில்லை. முப்பத்தொரு வயசுப் பெண், எத்தனை நாள் இந்தக் கிழவனுக்குக் காகிதம் எழுதிக்கொண்டே இருப்பாய்? எல்லாம் புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் வீட்டில் அவனைப் பற்றிப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் நீ. அது வலித்தது. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். 'அன்பு மருமகள்' என்று எழுதலாமா கூடாதா என்று முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். மேலே பார், வெறும் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீரையனைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். வெளிப்பாளையத்தில் சைக்கிள் கடை என்று எழுதியிருந்தாயே, விசாரித்தால் மூன்று கடை இருக்கிறது. மூன்றாவது கடைதான். பெண் பதில் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டை ஒரு நடை பார்த்துவர வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு. உனக்கு அதைச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

பையனுடைய அம்மா நல்ல மாதிரி. காப்பியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார், அதை மட்டும் சொல்லிவை. "நீங்க பொண்ணுக்கு மாமனாராமே?"ன்னு கேட்டார். எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. "காது கேக்கலைம்மா, நான் பொண்ணோட அப்பா"ன்னு சொன்னேன். வீரையன் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையனுடைய தகப்பனார் ஓசியில் வீரையன் சைக்கிளுக்குப் பெடல் தருகிறேன் என்றார். குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பையனிடம் சரி என்று சொல். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆடி அமாவாசைக்கு நீ வந்து இலை போடு. அதற்கு மேல் உன்னைப் போடச் சொல்ல ஊர் விடாது. கடைசி இலை என்பதால்தான் சொல்கிறேன், பொட்டலத்தை இலையில் வைத்தே தீருவேன். மூடினபடி வைப்பது படையல் ஆகாது. பிரித்து வைக்க வேண்டும், பிரித்ததைச் சாப்பிட வேண்டும். நீ சாப்பிட வேண்டாம், நான் சாப்பிட்டுக்கொள்கிறேன். இதில் என்னோடு வழக்காடாதே.

அரசப்பன்


மைசூரு
4.7.2025

அன்புள்ள என் மாமாவுக்கு மலரின் வணக்கங்கள்.

நான் சுகம். இரண்டு நாளாக அழுது மூக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிரபுவுக்கு வீட்டிலிருந்து போன் வந்ததாம், "உன் வருங்கால மாமனாருக்குக் காது சுத்தமா கேக்கலை, பாவம்"ன்னு. அவர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன் மாமா.

ஆனால் வழக்காடாமல் இருக்க மாட்டேன். உங்களை இழக்காமல் இப்போதுதான் தப்பித்திருக்கிறேன், ஒரு வாய் காறல் அல்வாவுக்குக் கொடுத்துவிடுவேனா?

ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்த இரண்டு பொட்டலம் நம்மிடம் இருக்கின்றன. உங்களுடையது வெயிலில் வெந்தது. என்னுடையது மைசூரு குளிரில் பீரோவுக்குள் பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தது. என்னுடையதே கெட்டிருந்தால் உங்களுடையது கட்டாயம் கெட்டிருக்கும். அதனால் போன சனிக்கிழமை என்னுடையதை ஆய்வுக்கூடத்தில் பிரித்தேன்.

கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அவர் கையால் கொடுத்தது என்று என்னிடம் சாப்பிடும் பொருளாக இருந்தது அது ஒன்றுதான். பிரபு பக்கத்தில் இருந்தார். "வேணாம்னா விட்டுடு மலர்"னு சொன்னார். நான்தான் வெட்டினேன்.

கிருமிச் சோதனையில் எதுவும் இல்லை. ஆனால் அல்வா மரக்கலராகிவிட்டது. நெய் தனியாகப் பிரிந்து ஓரத்தில் நிற்கிறது. பழைய விளக்கெண்ணெய்ப் பாத்திரத்தைத் திறந்த மாதிரி வாடை. சோதனை முடிவு வந்த பிறகு நான் ஒரு துளி வாயில் வைத்தேன். துப்பிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. துப்பவில்லை, விழுங்கினேன். நாக்கின் அடியில், ரொம்ப தூரத்தில், ஏலக்காய் இருந்தது மாமா. மற்றதெல்லாம் காறல். சேரன் சாப்பிட்ட அல்வா இது இல்லை. இதைச் சாப்பிட்டால் உங்கள் நாக்குக்கு அவர் தின்றது தெரியாது. ஐந்து வருஷம் போனதுதான் தெரியும்.

அவர் சாப்பிட்டது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். ரவை கொஞ்சம் குருணையாக நிற்கும், இனிப்பு திகட்டும், நெய் விரலில் வழியும். பொட்டலத்தில் போட்ட சேர்மானத்தின் விவரம் பின்பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்து நானே கிண்டி வருகிறேன். பிரபு பொட்டலத்தில் போட்டு வாய் ஒட்டி, நீராவியில் வேகவைத்துத் தருவார், கம்பெனியில் அனுமதி வாங்கிவிட்டோம். சுடுதண்ணீரில் போட்டு, உங்கள் எதிரிலேயே பிரித்து இலையில் வைக்கிறேன். இதற்குச் சம்மதம் என்று எழுதுங்கள்.

மலர்


தெற்குக் கோட்டகம்
13.7.2025

அன்பு மலர்க்கொடிக்கு,

தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் விட்டாயிற்று.

உன்னுடையதைப் பிரித்துவிட்டாயே அம்மா. எனக்காகத்தான் பிரித்தாய்.

ஒரு துளி விழுங்கினாயே, வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லையே? ஓமத்தண்ணீர் குடித்தாயா?

சம்மதம். வா.

அரசப்பன்

நெய்யைக் குறைக்காதே. அவன் சாப்பிட்ட மாதிரியே இருக்கட்டும்.


தெற்குக் கோட்டகம்
20.9.2025

அன்பு மருமகள் மலர்க்கொடிக்கு மாமன் அரசப்பன் எழுதுவது.

பழக்கத்தில் இப்படியே எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தலாம் என்று பார்த்தேன், காகிதம் அசிங்கமாகிவிடும். இருக்கட்டும். நீயும் மாமா என்றே கூப்பிடு. அப்பா வேஷம் நாகப்பட்டினத்துக்கு மட்டும் போதும். அங்கேயும் கல்யாணத்தன்று அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, "உங்களுக்கு வேணுங்கிறப்ப கேக்குது, வேணாங்கிறப்ப கேக்கலை"ன்னு சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்டிக்காரப் பொம்பளை.

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா? குறுவைக் கதிர் பால் பிடித்து நிற்கிறது. இந்த வருஷம் புகையான் பூச்சி இல்லை.

அமாவாசை அன்று நீ இலை போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். பொட்டலத்தைப் பிரித்ததும் ஆவி எழுந்ததே, அந்த வாசனை வந்தவுடன் எனக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாய் போட்டேன். "இதானா எம்புள்ள தின்னது?"ன்னு கேட்டேன். "கிட்டத்தட்ட மாமா, முந்திரி மட்டும் நான் சேர்த்துப் போட்டுட்டேன்"னு சொன்னாய். பொய் சொல்லாமல் சொன்னாயே, அது போதும். பனியில் நின்றுகொண்டு இதைத் தின்றிருந்தால் தீபாவளியாகத்தான் இருந்திருக்கும். நல்லதைத்தான் தின்றிருக்கிறான் பிள்ளை. இத்தனை வருஷம் அந்த ஒரு கவலை எனக்கு இருந்தது, இப்போது இல்லை.

அவன் கொடுத்த பொட்டலம் மேல் அலமாரியில், நிழலில் இருக்கிறது. இனி வெயில் காட்ட மாட்டேன். பிரிக்கவும் மாட்டேன், சத்தியம்.

நீ செய்த ரெண்டாவது பொட்டலத்தை, "ஒரு வருஷம் தாங்கும் மாமா, ஆசையா இருக்கிறப்ப சாப்பிடுங்க"ன்னு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாய். உன் கல்யாணம் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது. அன்றைக்கே சுடுதண்ணீர் வைத்துப் பிரித்து, பாதி நான், பாதி வீரையன் சாப்பிட்டோம். அடுத்த லீவுக்கு, அடுத்த பொங்கலுக்கு என்று எதையும் எடுத்து வைப்பதை விட்டுவிட்டேன்.

வரும் ஆடிக்கு இலையை நானே போட்டுக்கொள்கிறேன். உன்னைப் போடச் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை வீட்டுக்கு மனக்கஷ்டம் வரக் கூடாது. ஆனால் படைத்ததை வீணாக்கக் கூடாது அல்லவா? நான் ஒற்றை ஆள், எவ்வளவு சாப்பிடுவேன்? தெருவில் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டேன். இலை போடுவதற்குத்தான் ஆயிரம் சட்டம் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஒரு சட்டமும் கிடையாதாம்.

ரெண்டு பேரும் பசியோடு வாருங்கள்.

உன் மாமன்,
அரசப்பன்